பேச்சுத்தமிழில் எதிரொலிச் சொற்கள்

முன்னுரை

"காப்பி கீப்பி குடித்தீர்களா?" என்று விருந்தினரை வினவுதல் நம் இல்லங்களில் இயல்பு. 'கீப்பி' என்பதற்கு அகராதியில் பொருள் இல்லை. ஆயினும் அதனை நீக்கினால் வினாவின் பொருள் சுருங்கிவிடும். காப்பியோ, தேநீரோ, மோரோ, அதுபோன்ற பிறிதொன்றோ என்னும் விரிவை அச்சொல்லே தருகின்றது. இத்தகையவற்றை மொழியியலார் எதிரொலிச் சொற்கள் என்பர்.

அமைப்பு

முதலெழுத்து குறிலாயின் 'கி' எனவும், நெடிலாயின் 'கீ' எனவும் மாறும்; எஞ்சியவை மாறா. பணம் கிணம், புலி கிலி; மாடு கீடு, வேலை கீலை என வருவன காண்க. எழுத்தறியாதவரும் இவ்விதியில் தவறுவதில்லை. வினா, ஐயம், எதிர்மறை அமைந்த தொடர்களிலேயே இவை மிகுதியும் பயில்கின்றன.

இவற்றை இரட்டைக்கிளவியோடு மயங்கலாகாது. 'சலசல' என்பதைப் பிரித்தால் இரு பகுதிகளும் பொருள் தாரா. எதிரொலிச் சொல்லிலோ முற்பகுதி தனித்தும் பொருள் தரும்.

பிறமொழிகளில்

நம் தருமபுரி மாவட்டத்தில் தமிழுடன் தெலுங்கு, கன்னடம், உருது ஆகியனவும் வழங்குகின்றன. தெலுங்கர் 'புலி கிலி' என்பர். கன்னடர் 'ஹுலி கிலி' என்பர். உருதுவில் 'சாய் வாய்' என வகரம் வரும். மொழிக்குடும்பம் வேறாயினும் பண்பு ஒன்றாதல் நோக்கத்தக்கது. 1956இல் இந்தியாவை ஒரு மொழியியற் பரப்பாகக் காட்டிய எமனோ, எதிரொலிச் சொற்களையும் ஆராய்ந்தவர்.

ஆங்கிலேயரும் பேச்சில் 'காபி ஆர் சம்திங்', 'புக்ஸ் அண்ட் ஸ்டஃப்' என்பர். இவ்வாறான தெளிவற்ற மொழிவழக்கு குறித்து ஜோவானா சானெல் 1994இல் தனிநூலே வெளியிட்டார். ஆகவே, இது கல்லாதார் குறையன்று. மாந்தர் பேச்சின் பொதுவியல்பு.

பயனும் எல்லையும்

"பணம் கிணம் வேண்டுமானால் சொல்" என்று உறவினர் ஒருவர் கூறும்போது, தொகையும் சுட்டப்படுவதில்லை. கேட்பவரின் வறுமையும் சுட்டப்படுவதில்லை. பெறுவோர் மானத்தைக் காக்கும் நாகரிகம் அப்பொருளற்ற சொல்லில் அடங்கியுள்ளது.

ஆனால் அப்பணம் கைமாறிக் கடன்சீட்டு எழுதுங்கால் 'கிணம்' உதவாது. தொகையும் நாளும் திட்டமாக வேண்டும். சாட்சி கூறுமிடத்தும் அவ்வாறே. தேர்வுத்தாளில் 'நன்னூல் கின்னூல்' என்று எழுதினால் மதிப்பெண்ணும் வாராது!

முடிவுரை

மாணாக்கர் தம் வீட்டுப் பேச்சைக் கொச்சை என்று கருதிக் கூசுதல் வேண்டா. அதற்கும் இலக்கணம் உண்டு; பண்பாடும் உண்டு. நெகிழ்ந்து சொல்லவேண்டிய இடத்தையும், வரையறுத்துச் சொல்லவேண்டிய இடத்தையும் பிரித்தறிதலே மொழிக்கல்வியின் பயனாகும்.