குளிரைக் கணக்கெடுக்கும் பூக்கள்

கனடாவிலும் நோர்வேயிலும் வாழும் உறவினர் ஏப்பிரல் மாதமளவில் அனுப்பும் படங்களில், உருகும் பனிக்கு நடுவே பூ நிற்பதை எம்மில் பலர் கண்டிருப்போம். வெயில் வந்ததும் பூத்துவிட்டது என்று எண்ணுகிறோம். அது பாதி உண்மைதான். அச்செடிகளுக்கு முதலில் வேண்டியது குளிர். வெயில் அதற்குப் பின்னரே.

இது ஏன்? அந்நாடுகளில் கடுங்குளிர் காலத்தின் நடுவிலும் நாலைந்து நாட்கள் இளவெயில் எறிப்பதுண்டு. அதை நம்பி மொட்டவிழ்த்தால் அடுத்து வரும் உறைபனியில் பூவும் கருகும், அவ்வருட விதையும் போய்விடும். ஆகவே, தனக்கு வேண்டிய வாரங்கள் குளிரில் கழியும்வரை செடி எந்த வெயிலுக்கும் அசைவதில்லை.

ரியூலிப் பூவை எடுத்துக்கொள்வோம். மத்திய ஆசியாவின் மலைச்சாரல்களில் தானாக வளர்ந்த இச்செடி துருக்கி வழியாக ஐரோப்பாவுக்கு வந்தது. ஒல்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத் தோட்டத்தில் குளூசியஸ் என்னும் தாவரவியலாளர் 1593இல் நட்ட குமிழ்கள் மறுவருடம் பூத்தன. பார்வைக்கு இது எமது வெங்காயம் போன்ற குமிழ்தான். குளிர் தொடங்குமுன் நட்டால், 9 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிரில் ஏறக்குறைய 12 முதல் 16 வாரங்கள் மண்ணுள் கிடந்து, பின்பு தண்டு நீண்டு பூக்கும். குளிர் போதாவிட்டால் தண்டு குறுகி, பூ இலைகளுக்குள்ளேயே முடங்கிவிடும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அவ்வளவு குளிர் கிடையாது. அங்கே தோட்டம் செய்வோர் குமிழ்களைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்து நடுகிறார்கள். அப்பிள் பழம் இருக்கும் பெட்டியில் மட்டும் வைக்கக்கூடாது. பழம் விடும் வாயு குமிழுக்குள் இருக்கும் பூக்குருத்தைக் கெடுத்துவிடும்.

யப்பானில் இன்னும் வியப்பான ஒன்று உண்டு. அங்குள்ள பெரிய தீவுகளில் செரி மரங்கள் மார்ச் கடைசியில் தெற்கே பூக்கத் தொடங்கி, மே மாதமளவில் வடகோடியைச் சேரும். சூடு ஏற ஏறப் பூவும் வடக்கே போகிறது. ஆனால் தெற்கே தனித்துக் கிடக்கும் ஒக்கினாவாத் தீவில் வேறோர் இனச் செரி ஜனவரியிலேயே பூக்கிறது. அங்கே பூப்பது வடக்கிலும் மலையுச்சியிலும் தொடங்கித் தெற்கே இறங்கும். பெரிய தீவுகளில் குளிருக்குப் பஞ்சமில்லை, மரம் சூட்டுக்காகக் காத்திருக்கிறது. ஒக்கினாவாவில் சூட்டுக்குப் பஞ்சமில்லை, மரம் குளிருக்காகக் காத்திருக்கிறது. எது அரிதோ அதுவே பூக்கும் நாளைத் தீர்மானிக்கிறது.

பூமி சூடாவதும் இக்கணக்கைக் குழப்புகிறது. கியோட்டோ நகரில் செரி பூத்த நாட்களை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் குறித்து வந்திருக்கிறார்கள். 2021இல் மார்ச் 26ஆம் திகதி முழுப்பூ. அதுவரை இருந்த பதிவுகளில் அவ்வளவு முந்திய நாள் இல்லை.

இதெல்லாம் எமக்கு எதற்கு என்று கேட்கலாம். எமது தோட்டத்துக் கோவாவையும் பீற்றூட்டையும் பாருங்கள். நன்றாக விளையும், ஆனால் பூத்து விதை தராது. அவை குளிர்நாட்டுப் பயிர்கள். பூப்பதற்குச் சில வாரங்கள் 10 பாகை அளவிலான குளிரைக் கேட்பவை. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மார்கழி இரவில்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழ் இறங்குவது அரிது. எமது பசளையிலோ நீரிலோ குறையில்லை. கத்தரி, வெண்டி, பயிற்றை, மிளகாய் ஆகியன குளிரைக் கேட்பதில்லை. இடம்பெயரும்போது சீலைத்துண்டில் முடிந்து கொண்டுபோன விதை புதிய காணியிலும் பூத்துக் காய்த்து மறுபடி விதை தந்தது இதனாலேயே. ஆனால் கலப்பின விதையானால் அடுத்த தலைமுறை தாயைப்போல் இராது, அதை முடிந்து வைப்பதில் பயனில்லை.

பெரிய வெங்காயம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. மாத்தளைப் பகுதியில் அதன் விதை எடுப்போர், தெரிந்தெடுத்த தாய்க் குமிழ்களைச் சில வாரங்கள் குளிரறையில் வைத்து, அதன்பின் பாத்தியில் நடுகிறார்கள். ரியூலிப்புக்கு அமெரிக்கத் தோட்டக்காரர் செய்யும் அதே வேலைதான் இது.