மறுநாள் வலியும் லாக்டிக் அமிலத்தின் மேல் விழுந்த பழியும்

கடும் பயிற்சிக்கு மறுநாள் எழும் தசைவலிக்கு லாக்டிக் அமிலமே காரணம் என்பது, ஓட்டக்காரர்களிடமும் ஜிம்மில் பயிற்சி பெறுவோரிடமும் வழங்கிவரும் நம்பிக்கைகளுள் மிக நீண்ட ஆயுள் கொண்டது. தசைக்குள் ‘ஆசிட் சேர்ந்துவிட்டது’ என்று பயிற்சியாளர் விளக்கம் சொல்ல, அதை ‘வெளியேற்றுவதற்காக’ நீட்டிப்புப் பயிற்சி, எண்ணெய்ப் பூச்சு, ஐஸ் குளியல், எலுமிச்சைச் சாறு என்று பரிகாரங்கள் வரிசையாக வந்துவிடுகின்றன. காரணம் பிழையாக இருப்பதால் பரிகாரங்களிலும் பெரும்பாலானவை குறி தவறிப் போகின்றன.

இந்தப் பழி பிறந்த வரலாறு ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தது. புளித்த பாலிலிருந்து ஷீலே 1780இல் பிரித்தெடுத்த லாக்டிக் அமிலத்தை, வேட்டையாடப்பட்ட மான்களின் தசையில் பெர்சீலியஸ் கண்டறிந்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். உடலிலிருந்து பிரித்தெடுத்த தவளைத் தசையை மின்தூண்டலால் களைப்படையச் செய்தால் அதில் அந்த அமிலம் பெருகுவதை ஃப்ளெட்சரும் ஹாப்கின்ஸும் 1907இல் காட்டினர். தசையின் வெப்பத்தையும் வேதிமாற்றத்தையும் ஆராய்ந்த ஏ.வி. ஹில், ஓட்டோ மேயர்ஹோஃப் இருவருக்கும் 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தபின், களைப்பு என்றால் லாக்டிக் அமிலம் என்னும் சமன்பாடு பாடநூல்களில் நிலைபெற்றது. களைப்புக்குச் சொன்ன காரணத்தை மறுநாள் வலிக்கும் நீட்டிக்கொண்டது பின்னால் வந்த பொதுவழக்கு. ஆயினும் தவளைத் தசைச் சோதனைக்கும் முன்னரே, 1902இல், தியடோர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியலாளர், களைப்பின்போது உண்டாகும் வலியும் நாள் கழித்து வரும் வலியும் வேறுவேறு என்றும், பின்னது தசைக்குள் நேரும் நுண்கிழிசலால் வருவதாக இருக்கலாம் என்றும் எழுதியிருந்தார். அவருடைய கருத்தைவிட அமிலக் கதையே நெடுங்காலம் செல்வாக்குடன் விளங்கியது என்பது அறிவியல் வரலாற்றில் புதிதன்று.

குளுக்கோஸ் விரைவாகச் சிதையும்போது தசையில் உருவாவது பெரும்பாலும் லாக்டேட் என்னும் அயனி வடிவமே. அது கழிவுப்பொருள் அன்று. இதயத்தசையும் பிற தசை இழைகளும் அதை எரிபொருளாகப் பயன்படுத்துகின்றன, கல்லீரல் அதை மீண்டும் குளுக்கோஸாக மாற்றுகிறது. பயிற்சி நின்றபின் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் இரத்த லாக்டேட் ஓய்வுநிலை அளவுக்குத் திரும்பிவிடுகிறது. மறுநாள் வலியோ 12 முதல் 24 மணி நேரம் கழித்துத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம் தொடுகிறது. மேலும், லாக்டேட்டை மிக உயர்த்தும் 400 மீட்டர் ஓட்டத்தை முடித்தவர் மறுநாள் இயல்பாக நடமாட, லாக்டேட் பெரிதாக ஏறாத வேகத்தில் மாரத்தான் ஓடியவரே நாற்காலியில் உட்காரத் தடுமாறுகிறார்.

இதை நேரடியாகச் சோதித்த ஆய்வு 1983இல் வெளிவந்தது. டிரெட்மில்லில் சமதளமாகவும், 10 சதவீதச் சரிவில் கீழ்நோக்கியும் 45 நிமிடம் ஓடச் செய்து ஒப்பிட்டபோது, லாக்டேட் உயர்ந்தது சமதள ஓட்டத்தில். வலி வந்ததோ இறக்க ஓட்டத்தில். தசை சுருங்கி விசை தருவதைப் போலவே, இழுபட்டு நீண்டுகொண்டே விசையைத் தாங்கவும் செய்கிறது. இவ்வகைச் செயலை உடலியலார் எக்சென்ட்ரிக் சுருக்கம் என்பர். டம்பெல்லை மெல்லக் கீழே இறக்கும்போது புயத்தசையும், படியிறங்கும்போது முன்தொடைத் தசையும் செய்வது இதுவே. இந்தச் செயலில் குறைந்த எண்ணிக்கையிலான இழைகள் கூடுதல் சுமையை ஏற்பதால், தசையின் மிகச்சிறு சுருங்கும் அலகான சார்க்கோமியரின் கட்டமைப்பு ஆங்காங்கே குலைகிறது. இழைகளைச் சூழ்ந்த இணைப்புத் திசுவும் பாதிக்கப்படுகிறது. குலைந்த இடத்தைச் சீர்செய்ய அழற்சி என்னும் எதிர்வினை படிப்படியாகத் திரள்வதாலும், அதில் சுரக்கும் பொருள்கள் வலியுணர் நரம்புகளைக் கூசச் செய்வதாலும், வலி தாமதித்து வருகிறது.

பாஸ்டன் மாரத்தான் இதற்கு நல்ல சான்று. அங்கு ஓடியவர்கள் தங்கள் கால்வலிக்கு 33ஆம் கிலோமீட்டரை ஒட்டி வரும் ‘ஹார்ட்பிரேக்’ ஏற்றத்தைக் குறை கூறுவது வழக்கம். ஆனால் அந்தப் பாதை ஹாப்கின்டனில் தொடங்கி, மொத்தத்தில் ஏறத்தாழ 140 மீட்டர் இறங்கி முடிவது. கால் புதிதாக இருக்கும் முதல் கிலோமீட்டர்களின் இறக்கத்தில் உற்சாகமாகப் பாய்ந்தவரின் முன்தொடை, ஏற்றம் வருமுன்பே அடிபட்டிருக்கிறது. பழனி மலைக்குப் படியேறிச் சென்றவர்களும் இதை அறிவர்: மூச்சு வாங்கியது ஏறும்போது என்பதால் ஏற்றத்தின்மேல் குறை சொன்னாலும், மறுநாள் முன்தொடை பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இறங்கியதன் பயனே. மாரத்தானுக்கு மறுநாள் காலை, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்குகிற ஒருவர், அதே படிகளில் அவ்வளவு வேதனையின்றி ஏறிவிடுவதைக் காணலாம்.

ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் தசையை நீட்டினால் வலி வராது என்பது அடுத்த நம்பிக்கை. பல சோதனைகளைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் ஆய்வுரை, நீட்டிப்பினால் குறையும் வலி 100 புள்ளி அளவுகோலில் சில புள்ளிகளுக்கு மேற்படவில்லை என்று காட்டியது. நீட்டிப்பு உடலின் வளைவுத்தன்மைக்கு உதவலாம். வலிக்கு மருந்தாக அதை நம்புவதற்கில்லை.

இதைவிடத் தீங்கானது, வலித்தால்தான் உடம்பு ஏறும் என்ற ஜிம் நம்பிக்கை. புதிய பயிற்சி ஒன்றை முதன்முறை செய்தபின் கடுமையாக வலிக்கும் தசை, இரண்டு வாரம் கழித்து அதே பயிற்சியைச் செய்யும்போது மிகக் குறைவாகவே வலிக்கிறது. ஒருமுறை பட்ட சேதமே பல வாரங்களுக்குக் காப்பாக அமைகிறது. அதன்பின் வலியின்றியே தசை வளர்வதும் வலுப்பெறுவதும் தொடர்வதால், வலியை வளர்ச்சியின் அளவுகோலாகக் கொள்பவர், புதுமையைத்தான் அளக்கிறாரே தவிர முன்னேற்றத்தை அன்று. வாரந்தோறும் பயிற்சியை மாற்றி வலியைத் தேடிக்கொள்வோர் இந்தக் காப்பையும் இழக்கின்றனர். மறுபுறம், வலி அடங்கியதே தசை தேறிவிட்டதற்கு அடையாளம் என்பதும் சரியன்று. வலி மறைந்த பின்னும் வலு முழுமையாகத் திரும்பச் சில நாட்கள் கூடுதலாக ஆகலாம் என்பதால், நீண்ட போட்டிக்கு அடுத்த வாரத்தில் வேகப் பயிற்சியை ஒத்திவைப்பது அறிவுடைமை. மெதுநடையும் இலேசான சைக்கிள் ஓட்டமும் வலியைத் தற்காலிகமாகத் தணிக்கும். குணமாவதை விரைவுபடுத்தும் என்று எதிர்பார்க்கத் தேவையில்லை.

ஐஸ் குளியல் பற்றிய செய்தி இருமுகம் கொண்டது. குளிர்நீரில் அமிழ்வது வலியுணர்வைக் குறைப்பது உண்மையே; ஆகவே அடுத்தடுத்த நாட்களில் போட்டியிட வேண்டியவருக்கு அது பயன்படும். ஆனால் ஆஸ்திரேலியாவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், 12 வாரம் எடைப்பயிற்சி செய்தவர்களுள், ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் சுமார் 10 டிகிரி நீரில் 10 நிமிடம் அமர்ந்தவர்களின் தசை வளர்ச்சியும் வலுவும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. சேதத்துக்குப் பின் எழும் அழற்சி சீரமைப்பின் ஒரு பகுதி என்பதால், அதை ஒவ்வொரு முறையும் அணைப்பது வளர்ச்சியையும் சற்றே அணைக்கிறது.

வலிநிவாரணி மாத்திரை விழுங்கிவிட்டு ஓடும் பழக்கத்தில் இத்தகைய இருமுகமும் இல்லை. அமெரிக்காவின் 160 கிலோமீட்டர் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டத்தில் இபுப்ரோஃபென் உட்கொண்டவர்களுக்கு வலி குறையவில்லை. இரத்தத்தில் அழற்சிக் குறிகள் மட்டும் மிகுந்திருந்தன. நீரிழப்போடு இம்மருந்து சேரும்போது சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைவது மற்றோர் இடர்.

இயல்பான தசைவலி தானே தீர்வது. ஆனால் தசை கல்போல வீங்கி, கையை நீட்டவோ காலை மடக்கவோ இயலாமல், சிறுநீர் கோலா நிறத்தில் இறங்கினால், அது தசை பெருமளவில் சிதைந்து மயோகுளோபின் என்னும் புரதம் சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கிய ரேப்டோமயோலைசிஸ் நிலையாக இருக்கலாம். நெடுநாள் இடைவெளிக்குப் பின் முதல் நாளே அளவு மீறிச் செய்பவர்களிடம் இது காணப்படுகிறது, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியது. இதற்கு நேர்மாறாக, நலமாக உள்ளவரையும் வீணாக அச்சுறுத்தும் நிலைமை ஒன்று உண்டு. மாரத்தான் முடிந்த சில நாட்களுக்குள் வழக்கமான உடற்பரிசோதனைக்கு இரத்தம் கொடுப்பவருக்கு, தசையிலிருந்து கசியும் சி.கே., எஸ்.ஜி.ஓ.டி. ஆகிய நொதிகள் உயர்ந்து காணப்படும். கல்லீரலில் கோளாறு என்ற ஐயமும் எழும். கல்லீரல் சார்ந்த ஜி.ஜி.டி. நொதி தசையிலிருந்து வருவதில்லை என்பதால், அது இயல்பாக இருக்கிறதா என்று பார்ப்பதும், போட்டி நடந்த நாளை மருத்துவரிடம் முதலிலேயே தெரிவிப்பதும், ஓரிரு வாரம் கழித்துச் சோதனையைத் திரும்பச் செய்வதும் போதுமானவை.