பழைய வீட்டுச் சாமான்களை மீண்டும் உபயோகித்தல்

இராமநாதபுரம் கடற்கரையில் பழைய வீட்டை இடிப்பவர் இடிக்கும் கூலியைக் கணக்கிடுகிறாரேயன்றி, அவ்வீட்டினுள் அடங்கிய முதலைக் கணக்கிடுவதில்லை. 1985-ம் ஆண்டு வரை இந்த ஜில்லாவைச் சேர்ந்திருந்த காரைக்குடியிலோ அம்முதலின் அருமை நன்கு தெரியும். செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைக் கதவுகளும் அவ்வூர்ப் பழம்பொருட் கடைகளில் விலையாகின்றன. மரத்தின் தரம் அறியாமல் மொத்தமாகப் பேசி விற்பவரே நஷ்டமடைகிறார்.

சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவரில் செங்கல் முழுதாகப் பெயரும். சிமெண்டுக் கட்டிலோ கல்லே உடையும். ஆகவே காரைச் சுவரைக் கடப்பாறையால் சாய்த்துவிடாமல், முதலில் ஓடு, பின்பு மரம், அதன்பின் செங்கல் என மேலிருந்து பிரித்தல் வேண்டும். கடலோரச் செங்கல்லில் உப்பு ஊறியிருக்கும். நல்ல தண்ணீரில் பன்முறை ஊறவைத்து உலர்த்திய பின்னும் வெண்மை பூக்குமாயின் அது வாசம் செய்யும் வீட்டுச் சுவருக்கு ஆகாது. அதை உடைத்துக் கம்பி கட்டிய காங்கிரீட்டில் சேர்ப்பது அதனினும் கேடு. உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்ய, துரு பருத்துக் காங்கிரீட்டைப் பிளக்கும்.

பவளக் கல்லின் விஷயம் வேறு. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவர்களில் அக்கல்லை இன்றும் காணலாம். மன்னார் வளைகுடாவில் முன்னர் வெட்டியெடுத்து வீடு கட்டினர், சுண்ணாம்பும் சுட்டனர். அலையின் வேகத்தைத் தணித்து மீனுக்குப் புகலிடமாவது அப்பாறையே; அதை இழப்பவர் வலை வீசுவோரே. 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளத்தையும் காக்கிறது. தனுஷ்கோடி இடிபாட்டிலிருந்தும் கல் எடுத்தலாகாது. பழைய வீட்டில் அக்கல் இருப்பின், சுவரைப் பிரியாமல் நிறுத்தி, சிமெண்டு பூசாது சுண்ணாம்பே பூசுதல் உத்தமம்.