அரிவாளுக்கும் வயிறு உண்டு – நம் கையாலேயே தீட்டக் கற்றுக்கொள்வோம்



சேமிப்பு, கடன், பதிவேடு என்று பேசி வரும் இந்தப் பக்கத்தில் இந்த முறை அரிவாளைப் பற்றிப் பேசப் போகிறோம். "அரிவாளுக்கும் குழுவுக்கும் என்ன மேடம் சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. முதலில் நடந்ததைச் சொல்லி விடுகிறோம்.

தவணை ஏன் நின்றது?

நம் குழு ஒன்றில் கறவை மாட்டுக் கடன் வாங்கிய அக்கா ஒருவர் இரண்டு மாதம் தவணை கட்டவில்லை. அதுவரை ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டி வந்தவர். கூட்டத்தில் ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். நாங்களும் பதிவேட்டைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டோம். அவர் பதில் பேசாமல், முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த இடது கையை எடுத்துக் காட்டினார். பெருவிரல் அடியில் தையல் போட்ட தழும்பு.

மாட்டுக்குச் சூபாபுல் கிளை வெட்டியிருக்கிறார். அரிவாள் கிளையில் இறங்காமல் வழுக்கி, கிளையைப் பிடித்திருந்த கையில் இறங்கிவிட்டது. ஒரு மாதம் பால் கறக்க முடியவில்லை. ஆள் வைத்துக் கறந்தால், புதுக் கைக்கு மாடு பாலைச் சரியாக இறக்கவில்லை. கூலி போய், வைத்தியச் செலவும் போய், தவணைக்குப் பணம் எங்கே மிஞ்சும்?

"அருவா மொண்ணையா இருந்துச்சுங்க மேடம். தீட்டிக் குடுங்கன்னு வீட்டுல நாலு நாளாச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார்.

காரணம் கேட்காமல் பேசியதற்காக அன்றே அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். கூடவே ஒன்றைத் தெரிந்துகொண்டோம். கூரான அரிவாளைவிட மொண்ணை அரிவாள்தான் ஆபத்து. அது வெட்டாது என்பதால் நாம் பலமாக ஓங்குகிறோம். பலமாக ஓங்கியது வழுக்கினால் பலமாகவே படுகிறது. தினமும் அரிவாளைப் பிடிப்பது நாம். ஆனால் தீட்டுவதற்கு மட்டும் இன்னொருவர் கையை எதிர்பார்த்து நிற்கிறோம்.

நாங்கள் செய்த தப்பு

இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று, அந்தக் குழுவினரின் அரிவாள், வெட்டுக்கத்தி எல்லாம் சேர்த்து 11 உருப்படியைச் சாக்கில் கட்டி, டவுனில் மோட்டார் சாணைக்கல் வைத்திருக்கும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். எல்லாம் பளபளவென்று திரும்பி வந்தன. எங்களுக்கும் பெருமையாக இருந்தது. பத்தே நாளில் புகார் வந்தது. சிலவற்றில் வாய் பொடிப்பொடியாக உடைந்திருந்தது. சிலவற்றில் தகரம் மாதிரி மடங்கியிருந்தது.

அந்தக் குழுவில் ஒரு மூத்த அம்மா இருக்கிறார். அவருடைய அப்பா பனையேறி. பாளை சீவும் கத்தியைத் தினமும் வீட்டு வாசலில் தீட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர். ஒரு அரிவாளை எடுத்துப் பக்கவாட்டில் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வயித்தைச் சீவி எடுத்துட்டாங்களே! அருவாளுக்கு வயிறு இருக்கணும்மா. வயிறு ஒட்டிப்போனா அது எப்படி வேலை செய்யும்?"

இந்தப் பாடத்தை நாங்கள் அவரிடம்தான் கற்றுக்கொண்டோம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

வயிறு என்றால் என்ன?

இரண்டு கைகளையும் கூப்பி வணக்கம் சொல்லுங்கள். உள்ளங்கைகளை ஒட்டவிடாமல், விரல் நுனிகளை மட்டும் சேர்த்து, தாமரை மொட்டு மாதிரி வையுங்கள். விரல் நுனி சேரும் இடம்தான் அரிவாளின் வாய். அதற்குக் கீழே இரண்டு பக்கமும் மெல்ல உப்பி வருகிறதே, அதுதான் வயிறு. நல்ல வெட்டுக்கத்தியை நுனிப்பக்கமிருந்து பார்த்தால் இப்படித்தான் தெரியும்.

இந்த வயிற்றால் இரண்டு நன்மை உண்டு.

ஒன்று, வாய்க்குப் பின்னால் இரும்பு தடிப்பாக நின்று தாங்குகிறது. அதனால் கருவேல முள், தென்னை மட்டை போன்ற கடினமானவற்றில் போட்டாலும் வாய் எளிதில் உடையாது.

இரண்டு, கட்டைக்குள் இறங்கும்போது உப்பிய பக்கம் மரத்தை இரண்டு பக்கமும் தள்ளி விடுகிறது. அதனால் கத்தி கட்டைக்குள் மாட்டிக்கொள்ளாது.

மோட்டார் சாணையில் என்ன நடந்தது? வயிறு போய் வாய் மெலிந்துவிட்டது. மெலிந்தது உடைந்தது. அடுத்தது சூடு. கொல்லர் இரும்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்துத்தான் வாய்க்குப் பதம் ஏற்றுகிறார். தண்ணீர் தொடாமல் வேகமாகச் சுற்றும் கல்லில் தொடர்ந்து அழுத்தினால் மெல்லிய வாய் சட்டென்று கொதித்துவிடும். வாயில் நீல நிறம் தெரிந்தால் அந்த இடம் சுமார் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியிருக்கிறது என்று அர்த்தம். பதம் இறங்கி இரும்பு மிருதுவாகிவிடும். மடங்கியதற்குக் காரணம் இதுதான். மோட்டார் சாணைக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், "அடிக்கடி தண்ணியில தோய்ச்சுப் பிடிங்க, நீலம் விடாதீங்க" என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

கையால் கல்லில் தீட்டினால் இந்தச் சூடு வராது.

என்னென்ன வேண்டும்?

• ஒரு தீட்டுக்கல். ஹார்டுவேர் கடையில் கார்போரண்டம் கல் என்று கேளுங்கள். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நயமாக இருப்பதாக வாங்குங்கள். கல்லில் எண் போட்டிருந்தால், சின்ன எண் சொரசொரப்பு, பெரிய எண் நயம்.
• ஒரு கிண்ணம் தண்ணீர், நனைத்த சாக்குத் துண்டு.
• நகப்பூச்சு (ஆமாம், நெயில் பாலிஷ்தான்!).
• பழைய தோல் பெல்ட் அல்லது அட்டை.

தீட்டும் முறை

முதலில் நேரான வாய் உள்ள வெட்டுக்கத்தியில் பழகுங்கள். கை பழகிய பிறகு வளைந்த அரிவாளுக்குப் போகலாம்.

1. வெளிச்சத்தில் பாருங்கள். கத்தியின் வாயை மேல் நோக்கி வெயிலில் பிடியுங்கள். மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். கூரான இடம் மின்னாது. எங்கே தீட்ட வேண்டும் என்று இதிலேயே தெரிந்துவிடும்.

2. கல்லை ஊற வையுங்கள். பத்து நிமிடம் தண்ணீரில் போட்டால் குமிழி வருவது அடங்கும். நனைத்த சாக்கை விரித்து அதன்மேல் கல்லை வையுங்கள், நகராது. சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கட்டும்.

3. நகப்பூச்சு தடவுங்கள். வாய் ஓரமாக இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்கு மெல்லியதாகத் தடவிக் காயவிடுங்கள். கல் எங்கே படுகிறது என்று இது காட்டிக் கொடுக்கும்.

4. முதுகு முன்னே, வாய் பின்னே. இதுதான் முக்கியமான விதி. கத்தியின் முதுகு முன்னால் போக, வாய் பின்னால் இழுபட்டு வர வேண்டும். கத்தியின் வாய் உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி பிடியுங்கள். கல்லின் அந்தக் கோடியில் கத்தியைச் சாய்வாகப் படுக்க வையுங்கள். இப்போது கல்லில் படுவது வயிறு. அங்கிருந்து உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டே, முதுகை மெல்ல மெல்லத் தூக்குங்கள். கல்லின் இந்தக் கோடிக்கு வரும்போது வாயின் ஓரம் கல்லில் பட வேண்டும். அதற்கு மேல் தூக்காதீர்கள், தூக்கினால் வாய் மழுங்கும். திரும்பிப் போகும்போது கத்தியைக் கல்லிலிருந்து எடுத்துவிட்டு, மறுபடி அந்தக் கோடியில் வைத்து இழுங்கள்.

எவ்வளவு தூக்குவது? ஒரு காகிதத்தின் மூலையை நேர் பாதியாக மடியுங்கள், 45 டிகிரி. மறுபடி பாதியாக மடியுங்கள், இருபத்திரண்டரை டிகிரி. இழுத்து முடிக்கும்போது இந்தச் சாய்வு இருந்தால் போதும். ஆரம்பத்தில் அதில் பாதி. கட்டை வெட்டும் கத்திக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். காய்கறிக் கத்திக்குக் குறைவாக இருக்கலாம்.

5. நீளத்தை மூன்றாகப் பிரியுங்கள். பிடிப்பக்கம், நடு, நுனி என்று ஒவ்வொன்றுக்கும் பத்து இழுப்பு. கல் காய்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். கல்லில் சேரும் கறுப்புச் சேறும் சேர்ந்துதான் தேய்க்கிறது, உடனுக்குடன் கழுவ வேண்டாம்.

6. நகப்பூச்சைப் பாருங்கள். வாய் ஓரத்தில் மட்டும் பூச்சு மிச்சம் இருந்தால், கல் வாயைத் தொடவில்லை, இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும். வாய் ஓரத்தில் மட்டும் பூச்சு போயிருந்தால், வயிற்றில் படவில்லை, இன்னும் படுக்க வைத்துத் தொடங்க வேண்டும். பூச்சு முழுதும் ஒரே மாதிரி போனால் உங்கள் கை சரி.

7. பிசிறு வந்ததா? தீட்டியதற்கு மறுபக்கத்தில், முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக விரலை மெல்லத் தடவி எடுங்கள். வாயின் நீளத்துக்குத் தடவக் கூடாது. மெல்லிய சொரசொரப்பு தட்டினால் அதுதான் பிசிறு. பிடியிலிருந்து நுனிவரை பிசிறு வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. வராத இடத்தில் இன்னும் தீட்டுங்கள்.

8. மறுபக்கம். கத்தியைத் திருப்புங்கள். இப்போது வாய் நம்மைப் பார்த்திருக்கும். கல்லின் நம் பக்கத்துக் கோடியில் தொடங்கி எதிர்ப்பக்கம் தள்ளுங்கள். இங்கேயும் அதே விதிதான், முதுகு முன்னே, வாய் பின்னே.

9. நயமான பக்கம். கல்லைத் திருப்பி வைத்து அதே மாதிரி, ஆனால் அழுத்தாமல் தீட்டுங்கள். இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. பிறகு ஐந்து, இரண்டு, ஒன்று என்று குறையுங்கள். கடைசியில் தோல் பெல்ட்டிலோ அட்டையிலோ அதே முறையில் பத்துத் தடவை இழுத்தால் மிச்சப் பிசிறும் போகும்.

10. சோதனை. விரலில் வேண்டாம்! காகிதத்தின் ஓரத்தில் வைத்து இழுங்கள், கிழியாமல் அறுத்தால் சரி. வெட்டுக்கத்தி என்றால் விரல் தடிமன் பச்சைக் குச்சி ஒரே வெட்டில் துண்டாக வேண்டும்.

முடிந்ததும் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள், துரு ஏறாது.

வளைந்த அரிவாளுக்கு எப்படி?

கொக்கி மாதிரி வளைந்த அரிவாளின் உள்பக்கம் தட்டைக் கல்லில் படாது. அப்போது அரிவாளை அசையாமல் வைத்து, கல்லை நகர்த்த வேண்டும். அரிவாளை ஒரு பலகைமேல் படுக்க வைத்து, பிடியைக் காலடியில் அழுத்திக்கொள்ளுங்கள். சின்னக் கல் துண்டால் வயிற்றிலிருந்து வாய்ப்பக்கமாகச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்து வாருங்கள். விரல் வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

கல்லில் கை படியாதவர்களுக்கு அந்த அம்மா இன்னொரு வழியும் சொன்னார். அவர் அப்பா, மரப்பலகையில் வெண்கல்லைப் பொடி செய்து தூவி அதில்தான் தீட்டுவாராம். "தீட்டின மரத்திலேயே கூர் பார்க்கிறதா?" என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பழமொழியும் இப்படித் தீட்டியதில் வந்ததுதானே! இப்போது அதற்குப் பதில், நாலு மடிப்புத் துணியின்மேல் உப்புத்தாளை விரித்து அதில் இழுக்கலாம். தாள் கொஞ்சம் அமுங்கிக் கொடுப்பதால் வயிறு தானாகவே உருண்டு வரும். இங்கே வாய் முன்னே போனால் தாள் கிழியும், கவனம்.

தொடக் கூடாதவை

• கதிர் அறுக்கும் கருக்கரிவாளைக் கல்லில் தேய்க்காதீர்கள். பல் தேய்ந்து போகும். கொல்லரிடம் கொடுத்துப் பல் வெட்டிக்கொள்ளுங்கள்.
• விரிசல் விட்டது, பெரிய பொக்கை விழுந்தது, பிடி ஆடுவது, இவையெல்லாம் கொல்லர் வேலை.
• தீட்டும்போது பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். தீட்டிய அரிவாளின் வாய்க்குப் பழைய தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் கீறி மாட்டுங்கள்.
• வெட்டுப்பட்டால் காப்பித்தூள், சுண்ணாம்பு வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தடுப்பு ஊசி வேண்டுமா என்று கேளுங்கள்.

குழுவில் என்ன செய்யலாம்?

மேலே சொன்ன குழுவில் பொது நிதியிலிருந்து ஒரு கல் வாங்கத் தீர்மானம் போட்டார்கள். மாதத்தில் ஒரு கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னால் வந்து, அவரவர் அரிவாளை அவரவர் தீட்டுகிறார்கள். மூத்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "வயித்தை விட்டுட்டு வாயை மட்டும் தேய்க்காத!" என்று சத்தம் போடுவார். நாங்கள் பாழாக்கிய அரிவாள்களில் பாதிக்குமேல் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வயிறு வந்துவிட்டது. மற்றவற்றைக் கொல்லரிடம் கொடுத்து மறுபடி பதம் ஏற்றினோம். அந்தச் செலவை நாங்களே ஏற்றுக்கொண்டோம்.

அடுத்த கூட்டத்தில் பேசிப் பார்க்க:

1. நம் வீட்டு அரிவாளைக் கடைசியாக எப்போது தீட்டினோம்? யார் தீட்டினார்கள்?
2. நம் குழுவில் யாருக்காவது மொண்ணை அரிவாளால் காயம் பட்டதுண்டா? அதனால் எத்தனை நாள் வேலை போனது?
3. தவணை தவறியவரிடம் நாம் முதலில் என்ன கேட்கிறோம்?
4. நம் ஊரில் தீட்டத் தெரிந்த பெரியவர் யார்? அவரை ஒரு நாள் கூட்டத்துக்கு அழைக்கலாமா?

தவணை தவறிய அந்த அக்கா, நிலுவையை நான்கு மாதத்தில் சரிசெய்துவிட்டார். போன வாரம் பார்த்தபோது திண்ணையில் கல்லை வைத்து அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொரு வெட்டுக்கத்தி கிடந்தது. "இது யாருது அக்கா?" என்று கேட்டோம்.

"எங்க வீட்டுக்காரரோடதுங்க மேடம். தீட்டிக் குடுன்னு நாலு நாளாச் சொல்லிக்கிட்டு இருக்காரு" என்று சிரித்தார்.