கோடியக்கரைக்கு விருந்தாளிகள் வருவதில்லை

மார்கழி பிறந்துவிட்டால் வேதாரண்யம் பக்கம் வண்டிகள் அதிகமாகிவிடும். பூநாரை இறங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டு, குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு கோடியக்கரைச் சரணாலயத்துக்கு வருகிறார்கள். அவர்களில் பலர் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இதுதான்: "வெளிநாட்டுப் பறவைகள் இங்கே வந்து முட்டையிட்டு, குஞ்சு பொரித்துக் கூட்டிக்கொண்டு போகும்."

இது தவறு. இந்தச் சதுப்பில் ஆயிரக்கணக்கில் மேயும் கொசு உள்ளான் கூடு கட்டுவது ஆர்க்டிக் ஓரத்துத் தூந்திர வெளியில், ஜூன், ஜூலை மாதங்களில். இங்கே அது வருவது இரைக்காக. வேடந்தாங்கலைப் பார்த்த பழக்கத்தில் இந்தக் குழப்பம் வந்திருக்க வேண்டும். அங்கே மரத்தில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் சைபீரியாவிலிருந்து வந்தவை அல்ல, நம் துணைக்கண்டத்துப் பறவைகள். பூநாரைகூட இந்தியாவில் பெருங்கூட்டமாகக் கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் ரண்ணில். பார்க்கும் பூநாரையை எல்லாம் வெளிநாட்டுப் பறவை என்று சொல்வதற்கில்லை.

குளிர்காலத்தில் மட்டும் வந்து போகும் விருந்தாளிகள் என்பார்கள். உண்மையில் முதல் உள்ளான்கள் ஆடிக் கடைசியிலேயே, வெயில் காயும்போதே வந்து இறங்கிவிடும். பெற்றவை முன்னால் வர, அந்த ஆண்டுக் குஞ்சுகள் வழிகாட்ட ஆளில்லாமல் தாமாகவே பின்னால் வந்து சேரும். திரும்புவது சித்திரை வாக்கில். இளம் பறவைகளில் சில முதல் கோடையில் வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடுவதும் உண்டு. ஆண்டில் இரண்டு, மூன்று மாதம் ஆர்க்டிக்கில். மற்ற காலமெல்லாம் பயணத்திலும் இதுபோன்ற சேற்றிலும். அப்படி வாழும் பறவையை விருந்தாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சேறு என்றதும் பலருக்கு அது சும்மா கிடக்கும் தரிசு. என்னை மிகவும் வருத்துவது இந்த எண்ணம்தான். அந்தச் சேற்றுக்குள் புழுக்கள், சிறு நத்தைகள், பூச்சிகளின் இளம்புழுக்கள் என்று இரை நிறைந்து கிடக்கிறது. உப்புக்கொத்தி கண்ணால் பார்த்து, ஓடி, நின்று, கொத்தும். உள்ளான் அலகை உள்ளே விட்டுத் துழாவி, நுனியின் உணர்ச்சியாலேயே இரையைக் கண்டுபிடிக்கும். அலகின் நீளத்துக்கு ஏற்ற ஆழத்தில் இரை. அதனால்தான் ஒரே திடலில் பல இனங்கள் சண்டையில்லாமல் மேய முடிகிறது. பூநாரை தலையைக் கவிழ்த்து நீரை வடிகட்டும். அதன் இளஞ்சிவப்பும் பிறவி நிறம் அல்ல. குஞ்சுக்குச் சாம்பல் நிறம்தான். உப்புநீரின் பாசியையும் சிற்றுயிர்களையும் தின்னத் தின்னச் சிவப்பு ஏறும்.

மழை கூடினால் பறவையும் கூடும் என்பது பாதி உண்மை. மழை சதுப்புக்கு உயிர்தான். ஆனால் விரல் நீளக் காலுள்ள உள்ளானுக்கு முழங்கால் தண்ணீரில் என்ன வேலை? பருவமழை கொட்டி நீர் நிறைந்திருக்கும் நாட்களில் நெடுங்கால் பறவைகளால்தான் நிற்க முடியும். தை பிறந்து நீர் வடிந்து சேறு தலைகாட்டும்போது சிறியவை பரவலாக மேயும்.

கடைசியாக ஒன்று. "கிட்டே போனால் பறக்கும், மறுபடி உட்காரும், அதனால் என்ன?" என்று கேட்கிறார்கள். கொசு உள்ளானின் வழக்கமான எடை முப்பது கிராமுக்கும் குறைவு. மாசி, பங்குனியில் அது பல ஆயிரம் கிலோமீட்டர் பறப்பதற்கான கொழுப்பை உடலில் சேர்த்துக்கொண்டிருக்கும். படத்துக்காக நாம் கூட்டத்தை எழுப்பும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பில்தான் கை வைக்கிறோம். 1967இல் சரணாலயமாகி, 2002இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம் இது. காலையில் வெயில் முதுகில் படும்படி கரையில் உட்காருங்கள், குழந்தைகளையும் பேசாமல் உட்காரவையுங்கள். கால் மணி நேரம் அசையாமல் இருந்தால், மேய்ந்துகொண்டே உள்ளான்கள் தாமாகப் பக்கத்தில் வரும்.