கவ்வாத்து கட்டத்துக்குள் வரட்டும்



தங்கச்சி, பிரிட்டிஷ் பத்திரிகைகளில் வரும் பூடகக் குறுக்கெழுத்தைப் போலத் தமிழில் புதிர் அமைக்கத் தொடங்கியிருக்கிறாய். பசறையிலும் ஹாலிஎலையிலும் பேசும் தேயிலைத் தோட்டத்துச் சொற்களைப் போட்டால் யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் இருப்பவர்களுக்கு விளங்காதே, பொதுத் தமிழோடு நின்றுவிடவா என்று கேட்கிறாய். நிற்காதே. பழக்கமில்லாத ஊர்ச் சொல்லை அந்நியர் வாயில் வைக்க இந்தப் புதிரைவிடத் தோதான வடிவம் இல்லை என்பது என் கட்சி. ஆனால் அதற்கு ஒரு கூலி உண்டு, அதை நீதான் கொடுக்க வேண்டும்.

நாம் பொதுவானது என்று மிரண்டு பார்க்கும் அந்த ஆங்கிலப் புதிரின் சொற்களஞ்சியத்தைச் சற்று உதறிப் பார். குறிப்பில் மாலுமி என்றால் விடைக்குள் ‘டார்’. ஆட்கள் என்றால் ‘ஓ.ஆர்.’, அதாவது அதிகாரி அல்லாத சிப்பாய்கள். பீரங்கிக்காரர் என்றால் ‘ஆர்.ஏ.’. வாத்து என்று வந்தால் ‘ஓ’ என்ற ஓரெழுத்து, ஏனென்றால் கிரிக்கெட்டில் பூச்சியத்துக்கு ஆட்டமிழப்பவர் எடுப்பது வாத்து. படைமுகாமும் கப்பல்தளமும் கிரிக்கெட் மைதானமும் மாதாகோயிலும் சேர்ந்த ஒரு வகுப்பாரின் வீட்டுப் பேச்சு இது. நமது மலைகளில் துரைமார் பேசியதும் ஏறக்குறைய இதைத்தான். 1926இல் லண்டன் அப்சர்வரில் டார்க்கமாடா என்ற புனைபெயரோடு புதிர் போடத் தொடங்கிய எட்வர்ட் பாய்ஸ் மேதர்ஸோ, 1930இலிருந்து புதிர் வெளியிட்ட டைம்ஸோ, இது வெளியூர்க்காரருக்கு விளங்குமா என்று தயங்கியதாகத் தெரியவில்லை. சென்னையிலும் கொழும்பிலும் உட்கார்ந்து நாம் அவர்களுடைய முகாம் பேச்சை மனப்பாடம் செய்தோம். அவர்களுக்கு உள்ள உரிமை தோட்டத் தொழிலாளர் காலையில் பேர் கொடுக்கக் கூடும் பிரட்டுக் களத்துப் பேச்சுக்கு மட்டும் ஏன் இல்லை?

உரிமை இருந்தால் போதுமா, விளங்க வேண்டாமா என்பாய். இங்கேதான் இந்த வடிவத்தின் பொறிமுறை கைகொடுக்கிறது. சாதாரணக் குறுக்கெழுத்தில் விடைக்கு ஒரே வழி, பொருள். அது தெரியாவிட்டால் கதவு மூடிவிட்டது. பூடகக் குறிப்பில் வழி இரண்டு: ஒரு முனையில் பொருள், மறு முனையில் சொல்லைத் துண்டு துண்டாய்க் கட்டும் விளையாட்டு. ‘பல்லில் பாதி, மீதி ஓட்டை, கோச்சி கடைசியாக நிற்கும் ஊர் (3).’ பல்லில் பாதி ப, ஓட்டை என்றால் துளை, சேர்த்தால் 1924இல் மலைநாட்டு ரயில்பாதை வந்து முடிந்த பதுளை. இப்போது தோட்டத்துச் சொல் ஒன்று: ‘பல்லால் பிடி, கடைசியை விடு, பின்னால் நீந்தும் பறவை, தேயிலைக்கு விழும் வெட்டு (5).’ கவ்வு என்பதில் கடைசி எழுத்துப் போனால் கவ், அதன் பின்னால் வாத்து. தேயிலைச் செடியையே கண்டிராத ஒரு மட்டக்களப்பு ஆசிரியர்கூட இதை வைத்து ‘கவ்வாத்து’ என்று எழுதிவிடுவார். எழுதிய பிறகுதான் அப்படியொரு வேலை இருப்பதே அவருக்குத் தெரியவரும். தமிழ்நாட்டுக்காரர் ‘கவாத்து’ என்று நாலு கட்டத்தில் முடிக்கப் பார்ப்பார். ஐந்தாவது கட்டம் அவரைத் திருத்தும். ஒன்றைக் கவனி. கடைசித் துண்டை ‘தேயிலையை வெட்ட’ என்று முடித்திருந்தால் வாக்கியம் இன்னும் சரளமாக ஓடியிருக்கும். ஆனால் விடை பெயர்ச்சொல், குறிப்பு வினையெச்சம், அது ஏமாற்று.

நான் சொன்ன கூலி இதுதான். ஊர்ச் சொல்லை விடையாக வைத்தால், அதைக் கட்டும் கற்கள் எல்லாருக்கும் தெரிந்த கற்களாக இருக்க வேண்டும். கவ்வு, வாத்து, பல், துளை போதும். விடையும் அரிது, விளையாட்டும் அரிது என்றால் வாசகரைத் திட்டாதே, நீதான் கதவைப் பூட்டினாய். சிமெனிஸ் என்ற பெயரில் 1939 முதல் அப்சர்வருக்குப் புதிர் போட்ட மக்னட், இந்தக் கலையைப் பற்றி 1966இல் ஒரு புத்தகமே எழுதினார். அவர் வழிவந்த மரபு வற்புறுத்துவதும் வாசகருக்குக் காட்ட வேண்டிய இந்த நேர்மையைத்தான்.

நமது பத்திரிகைக் குறுக்கெழுத்திலோ ‘குழம்பியுள்ளது’ என்று அடைப்புக்குள் போட்டுவிட்டு எழுத்துகளை இஷ்டப்படி இறைக்கும் வழக்கம் உண்டு. கட்டம் நிரம்பாதபோது அமைப்பவர் தனக்குக் கொடுத்துக்கொள்ளும் சலுகை அது. நீ குழப்பத்தைக் கட்டத்திலிருந்து எடுத்துக் குறிப்புக்குள் போடு. தமிழில் இது முடியும் என்பதற்கு, கலிபோர்னியாவிலிருந்து வரும் தென்றல் இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்களே சாட்சி.

துரை பங்களா விளையாட்டு நமக்கெதற்கு என்று யாராவது சொன்னால், தண்டியலங்காரத்தில் பிரிமொழிச் சிலேடையைப் பார்க்கச் சொல். ஒரே தொடரை வேறுவிதமாகப் பிரித்தால் வேறு பொருள். அதோடு, இந்தப் புதிர் பங்களாவையே திருப்பிப் பார்க்கவும் உதவும். ‘கடைசி வற்றிய கங்கை, பக்கத்தில் நிலம், ஆள் சேர்த்து வந்தவர் (4).’ கங்காணிக்குள் காணி இருக்கிறது, அவர் கூட்டி வந்தவர்களுக்குத்தான் இல்லை. இந்தக் குத்தலை நீ விளக்கவே கூடாது, பென்சில் பிடித்தவர் தானாகக் காண்பார்.

கனமான ஆட்சேபம் வேறொன்று: எழுத்துக்கூட்டல். பிரட்டா, பெரட்டா? பிரிட்டிஷ்காரருக்குச் சண்டை வந்தால் சேம்பர்ஸ் அகராதி தீர்த்து வைக்கும். நமது தோட்டத்துப் பேச்சுக்கு அப்படி எல்லாரும் ஒப்பும் நடுவர் இல்லை. அச்சில் நிலைபெற்ற வடிவத்தை மட்டும் எடு. ஹாலிஎலை ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்து, இன்னொரு தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப்பின் கதைகளையும், சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டுப் பாடல்களையும் பக்கத்தில் வைத்துக்கொள். அவற்றில் இரண்டு வடிவம் கண்டால், மாறுபடும் எழுத்தைக் குறுக்கே ஒரு சொல் வெட்டிப் போகிற இடத்தில் மட்டுமே அந்தச் சொல்லை வை.

இனிக் கட்டம். ஒன்றுவிட்டு ஓர் எழுத்து வெட்டிக்கொள்ளும் பிரிட்டிஷ் வலை தமிழுக்கு ஒத்துவராது என்பார்கள், மெய்யெழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காதே என்று. கவ்வாத்தைப் பார்: க, வ், வா, த், து. இரண்டாவதும் நாலாவதும் மெய். ஒற்றைப்படைக் கட்டங்கள் மூன்றும் கீழே இறங்கத் தயாராக நிற்கின்றன. க-வில் கங்காணியை இறக்கு, து-வில் துண்டு. நடுவில் வா-வுக்குக் காவல் பார்க்கும் வாச்சரைப் போட ஆசை வரும். வேண்டாம், அதை வாட்சர் என்றும் எழுதுவார்கள், சந்தேகத்துக்குரிய அந்த இரண்டாம் கட்டம் எதனோடும் வெட்டாது. வாசல் போடு.