அந்தத் தலைப்பை எடுத்துவிடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

மூளை ரத்தக்குழாய் வீக்கத்தோடு வாழ்கிறவர்களின் பயத்தைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை நேற்று மதியம் படித்தேன். ராத்திரி மறுபடியும் எடுத்துப் படித்தேன். அனியூரிசம் என்றால் என்ன, கிளிப் போடுவதா காயில் வைப்பதா என்பதெல்லாம் நமக்குள் பேச வேண்டியதில்லை. மூன்று மாதம் என் வார்டில் நின்றவன் நீ. எனக்குக் கோபம் வந்ததே தலைப்பில்தான். 'தலைக்குள் ஒரு டைம் பாம்.'

இந்தச் சொல்லை என்னால் பொறுக்கவே முடியாது. டைம் பாம் என்றால் நேரம் குறித்தாகிவிட்டது, வெடித்தே தீரும் என்று பொருள். இது அப்படியா? பெரியவர்கள் நூறு பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்கு இந்த வீக்கம் இருக்கிறது. பெரும்பாலானவை கடைசிவரை வெடிப்பதில்லை. அளவு, இடம், ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்றெல்லாம் பார்த்துத்தான் ஆபத்தை எடை போடுகிறோம். ஐந்தாவது பத்தியில் இதை நீயே சரியாக எழுதியிருக்கிறாய். தலைப்பிலேயே பயந்துபோனவர் ஐந்தாவது பத்திவரை வருவாரா?

பல வருஷத்துக்கு முன் ஒரு பூக்கார அம்மா வந்தார். தலைவலிக்கு எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்தது, நான்கு மில்லிமீட்டர். ஆபரேஷன் வேண்டாம், வருஷம் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம், பிரஷர் மாத்திரையை மட்டும் விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினோம். அவர் வாசலைத் தாண்டும்போது பயிற்சி டாக்டர் ஒருவர், "தலைக்குள்ள பாம் மாதிரிம்மா, ஜாக்கிரதை" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

அடுத்த வருஷம் அதே நான்கு மில்லிமீட்டர். மனசு எப்படி இருக்கு என்று கேட்டேன். "நல்லா இருக்கேன் சிஸ்டர்." என்னவோ உறுத்த, "என்னென்ன செய்யறதை விட்டுட்டீங்க?" என்றேன். விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். குனிந்து கோலம் போடுவதில்லை. பேரனை இடுப்பில் வைப்பதில்லை. தும்மல் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார். சாமி கும்பிடும்போதுகூடத் தலை தாழ்த்துவதில்லை. ஒரு கை விரல் போதவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கேள்வியை நான் விட்டதில்லை. நோய் முற்றிவிடுமோ என்ற பயத்தை அளக்க ஜெர்மனியில் உருவாக்கிய கேள்வித்தாளின் சுருக்க வடிவத்தை, அதன் 12 கேள்விகளை, நன்றாக விளக்கியிருக்கிறாய். பயன்படுத்து. ஆனால் 13ஆவதாக இதையும் கேள். வரும் பதிலை டாக்டரிடம் கொண்டுபோய், எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, எந்த மாதிரித் தலைவலிக்கு உடனே ஓடிவர வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வை. அந்த அம்மாவுக்கு அப்படித்தான் கோலம் திரும்பக் கிடைத்தது.

இன்னொன்று. நடிகை எமிலியா கிளார்க் மன தைரியத்தால் வென்றார் என்று எழுதி, எல்லோரும் அப்படி இருக்க வேண்டும் என்று முடித்திருக்கிறாய். அவர் 2019இல் எழுதியதை முழுதாகப் படித்தாயா? 2011இல் ஒரு வீக்கம் வெடித்துப் பிழைத்தவர், இன்னொன்றைத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்கேன் ஸ்கேனாகக் காத்திருந்தவர். படப்பிடிப்பில் ஒவ்வொரு நிமிடமும் செத்துவிடுவோம் என்றே நினைத்ததாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பயத்தை ஊரறியச் சொல்ல அவருக்கு எட்டு வருஷம் ஆனது. பயப்படுகிறவரிடம் "தைரியமா இருங்க" என்றால் அவர் வாயை மூடிக்கொள்வார். பயம் எங்கும் போகாது.

ஆனால் ஒரு இடம், தம்பி. ராத்திரி விழித்துக்கொண்டு, கணவனின் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கும் மனைவியைப் பற்றி நான்கு வரி எழுதியிருக்கிறாயே, இத்தனை வருஷ வேலையில் எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லாதது அது. கண் கலங்கிவிட்டது. இந்த நோய் ஒருவர் தலையில் இருந்தாலும் வீடே அதைச் சுமக்கிறது என்பதை நீ பார்த்திருக்கிறாய். அது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை.

கட்டுரையைச் சிறு நூலாக்கி நோயாளிகளுக்குக் கொடுக்கப்போவதாகக் கடைசியில் குறிப்பிட்டிருக்கிறாய். அவசியம் செய். அச்சுக்குப் போகுமுன் அந்தத் தலைப்பை மட்டும் எடுத்துவிடு.

அன்புடன்,
உன் பழைய வார்டு சிஸ்டர்